கல் சுமக்க வந்த போர்வீரர்

ஆடி மாதம் 14-ம் திகதி மரித்த புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் என்பவரை நம்மிற் பலர் படத்திலோ சுரூபத்திலோதான் கண்டிருப்போம். கறுப்பு அங்கி, மார்பிலே பெரிய சிவப்புச் சிலுவை, கைகளிலே தாங்கிய ஒரு நோயாளி. நோயாளருக்கும் வைத்தியசாலைகளுக்கும் தாதிமாருக்கும் பாதுகாவலர் என்று திருச்சபை அவரைப் போற்றுகிறது. வீட்டில் ஒருவர் பாயிற் கிடக்கும் போது அவரை நோக்கி மன்றாடுகிற குடும்பங்கள் உண்டு. ஆனால் இருபத்துநான்கு வயதில் இவர் படையிலிருந்து கலைக்கப்பட்டு, கையிற் காசுமின்றித் தொழிலுமின்றி, ஒரு கோவில் வாசலிலே தொப்பியை நீட்டிக் கொண்டு நின்றவர் என்பதைப் பலர் அறியார். அந்த வாசலிலிருந்து அவர் எவ்வாறு ஒரு வேலையைப் பெற்றார், அந்த வேலை அவரை எங்கே கொண்டு போய்ச் சேர்த்தது என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

இத்தாலியின் கிழக்குக் கரையோரமாக அப்ரூத்சி என்ற மலைநாடு உண்டு. அந்நாளில் அது நேப்பிள்ஸ் இராச்சியத்தைச் சேர்ந்தது. நேப்பிள்சோ ஸ்பானிய மன்னரின் ஆட்சிக்குள் இருந்தது. அங்கே புக்கியானிக்கோ என்ற சிற்றூரில் 1550-ம் ஆண்டு வைகாசி 25-ம் திகதி கமில்லஸ் பிறந்தார். தகப்பனார் ஜோவானி, ஸ்பானிய மன்னரின் சேவையிற் பல போர்களைக் கண்ட படைவீரர். தாயார் கமில்லா, பிள்ளைப்பேற்றுக்குரிய வயது கடந்த பின் இவரைப் பெற்றவர். பிள்ளை வயிற்றில் இருக்கையில் தாயார் ஒரு கனவு கண்டதாகச் சொல்வார்கள். மார்பிற் சிவப்புச் சிலுவை தரித்த ஒரு சிறுவன், அதே அடையாளம் பூண்ட பலரை நடத்திச் செல்கிறான். இக்கனவைத் தாயார் நல்ல சகுனமாக எடுக்கவில்லை. மகன் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாவான் என்றே அஞ்சினார். அவர் அஞ்சியதிற் பிழையில்லை. அப்ரூத்சி மலைகள் கொள்ளையருக்குப் பேர்போனவை. அக்கொள்ளைக் கூட்டங்களிற் சேர்ந்தவர்களிற் பலர் வேலையற்றுப்போன போர்வீரர்களே.

தாயார் கமில்லஸின் பதின்மூன்றாம் வயதளவில் மரித்தார். தகப்பனாரோ மாதக்கணக்கிற் பாளையங்களிற் கழிப்பவர். பையன் வாசிக்கவும் எழுதவும் ஓரளவு கற்றதோடு படிப்பு நின்று போயிற்று. ஆள் மட்டும் வளர்ந்தார். கூட்டத்தில் நின்றால் மற்றவர்களிலும் ஒரு தலையளவு உயரமாகத் தெரிவார். முன்கோபம் மிகுந்தவர். தகப்பனாரிடமிருந்து அவர் கற்றவை இரண்டு: ஆயுதம் பிடிப்பதும் சூதாடுவதும்.

1570-ம் ஆண்டளவில் வெனிஸ் குடியரசு துருக்கியரோடு போர் தொடுக்க ஆட்களைச் சேர்த்தது. முதிய தகப்பனாரும் இளைய மகனும் அதிற் சேர்வதற்குப் புறப்பட்டனர். வழியிலே இருவரும் நோயுற்றனர். லொரேத்தோ மாதா திருத்தலத்துக்கு அதிக தூரமில்லாத ஓர் ஊரில் தகப்பனார், தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று மரித்தார். மகனுக்கு அவர் விட்டுச் சென்றது ஒரு வாளும் ஒரு குத்துவாளும் மாத்திரமே. அந்நாட்களிலேதான் கமில்லஸின் காலிற் கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு சிறு புண் தோன்றியது. அது பின்னர் ஏறக்குறைய நாற்பத்தாறு ஆண்டுகள், அவர் சாகும் வரைக்கும், முற்றாக ஆறவேயில்லை.

தனிமையும் நோயும் சேர்ந்து வாட்டிய அவ்வேளையில், வீதியிலே அடக்கமாக நடந்து சென்ற இரண்டு பிரான்சிஸ்கன் துறவிகளைக் கண்டு, தாமும் அப்படியாவதாக நேர்ந்து கொண்டார். லாக்குயிலா நகரிலிருந்த மடத்துக்குத் தலைவராயிருந்த சொந்தத் தாய்மாமனிடம் போய்க் கேட்டார். இளைஞனின் குணத்தையும் உடல்நிலையையும் கண்ட மாமன் சேர்த்துக் கொள்ளவில்லை. நேர்த்தியும் மறந்து போயிற்று.

1571-ம் ஆண்டு காற்புண்ணுக்கு மருந்து தேடி உரோமாபுரிக்கு வந்தார். தேபர் நதிக்கு அண்மையில், மாறாநோயாளருக்கென்றே புனித யாகப்பரின் பெயரால் ஒரு பெரிய வைத்தியசாலை இருந்தது. (2008-ம் ஆண்டு வரைக்கும் அது வைத்தியசாலையாகவே இயங்கியது.) கையிற் பணமில்லாதபடியால், சிகிச்சைக்கு ஈடாக வேலைக்காரனாக இருக்க ஒப்புக்கொண்டார். இது அவருக்கு வாய்த்த முதலாவது சிவில் உத்தியோகம் எனலாம். அதை அவர் காப்பாற்றிக் கொள்ளவில்லை. சக வேலைக்காரருடன் சண்டை. நோயாளரைத் தவிக்க விட்டு, அருகிலிருந்த ரிப்பெத்தா துறைக்குப் போய்ப் படகுக்காரரோடு கடதாசி விளையாட்டு. படுக்கையின் கீழே கடதாசிக் கட்டு அகப்பட்டது. சில மாதங்களுள், இவன் எந்த வேலைக்கும் உதவான் என்று துரத்தி விட்டார்கள். வைத்தியசாலையைக் குறை சொல்ல இடமில்லை. தூக்கி விட ஆளில்லாமற் கிடந்த நோயாளரை நினைத்தால் எவரும் அதைத்தான் செய்திருப்பர்.

மீண்டும் படைதான். வெனிசுக்காகக் கீழ்க்கடற் பக்கம் போனார். 1573-ம் ஆண்டு பங்குனியில் வெனிஸ் துருக்கியரோடு சமாதானம் செய்து கொள்ளவே அந்தச் சேவை முடிந்தது. அடுத்து ஸ்பானியக் கொடியின் கீழே, வட ஆபிரிக்காவின் தூனிஸ் பக்கமாகச் சென்ற படைகளோடு சேர்ந்தார். 1574-ல் தூனிசும் துருக்கியர் வசமாயிற்று. திரும்பி வந்த கப்பல்கள் கடும் புயலில் அகப்பட்டன. மூழ்கப் போகிறோம் என்று எண்ணிய வேளையில் பழைய நேர்த்தி கமில்லஸின் நினைவுக்கு வந்தது. மறுபடியும் நேர்ந்து கொண்டார். ஐப்பசி மாதக் கடைசியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கே அவருடைய அணி கலைக்கப்பட்டது.

இந்தக் கலைப்பு எப்படிப்பட்டது என்பதை நாம் சற்று விளங்கிக் கொள்ள வேண்டும். அக்காலத்தில் ஓர் அரசனுடைய படையில் நிரந்தரமான உத்தியோகம் பெற்றவர் கொஞ்சப் பேரே. ஒரு கப்பித்தான் ஒரு போருக்கென்று ஆட்களைச் சேர்ப்பார். போர் முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பி விடுவார். அந்தக் கணக்கும் பலமுறை முழுதாகத் தீர்வதில்லை. ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பு அடுத்த ஆண்டே, அதாவது 1575-ல், கடன்காரருக்குப் பணம் செலுத்த முடியாமற் கைவிரித்தார் என்றால் சிப்பாயின் சம்பளம் எந்நிலையில் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஓய்வூதியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரிலே ஒரு தொழில் தொடங்குவதென்றாலோ சிறு வயதிலிருந்தே ஒரு மேத்திரியாரிடம் பழகித் தொழிலாளர் சங்கத்தில் இடம் பெற்றிருக்க வேண்டும். தச்சனும் கொல்லனும் சப்பாத்துக்காரனும் அப்படித்தான் வந்தார்கள். பதினெட்டு இருபது வயதிலே வாளைத் தூக்கிக் கொண்டு போனவன், திரும்பி வந்து எந்தக் கதவைத் தட்டுவான்? தட்டினாலும் அவனுடைய ஆயுதத்தையும் தாடியையும் கண்டு கதவைப் பூட்டுவார்கள். இன்னொரு போர் வரும் மட்டும் பிச்சை, அல்லது மலையேறிக் கொள்ளை, இவை இரண்டுமே பலருக்கு மிஞ்சின வழி.

கமில்லஸின் விஷயத்தில் அவருடைய சொந்தக் குற்றமும் சேர்ந்து கொண்டது. நேப்பிள்சில் அவர் சூதாட உட்கார்ந்தார். கைக்காசு போயிற்று. வாள் போயிற்று. துவக்கும் மருந்துக் குடுவையும் போயின. மேலங்கி போயிற்று. ஈற்றில் உடுத்திருந்த சட்டையையும் கழற்றிக் கொடுத்ததாக அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். ஆயுதம் இல்லாதவனை எந்தக் கப்பித்தானும் சேர்க்க மாட்டான். ஆகவே படைக்குத் திரும்பும் வழியும் அடைபட்டது.

தம்மைப் போலவே கலைக்கப்பட்ட ஒரு தோழனோடு கால்நடையாய்க் கிழக்கு நோக்கிப் போனார். கார்த்திகை 30-ம் திகதி, புனித பெலவேந்திரர் திருநாளன்று, அத்திரியாத்திக் கடற்கரையிலுள்ள மன்பிரெதோனியா நகருக்கு வந்து சேர்ந்தார்கள். குளிர்காலம். பூசைக்கு வருகிறவர்கள் பிச்சை போடக்கூடும் என்று கோவில் வாசலில் நின்றார்கள். கமில்லஸ் நாணத்தினாற் குனிந்தபடியே நின்றார் என்பார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த, கை கால் உறுதியான ஒரு வாலிபன் தொப்பியை நீட்டுகிறான். அதைக் கண்டவர்கள் என்ன நினைத்திருப்பர் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

அந்த வழியாக வந்தவர் அந்தோனியோ தி நிக்காஸ்திரோ என்ற பெரியவர். அவ்வூரில் கப்புச்சின் சபையார் ஒரு மடம் கட்டிக் கொண்டிருந்தனர். அக்கட்டட வேலையின் பொறுப்பு இவரிடம் இருந்தது. காசு போட்டுவிட்டுப் போகாமல் அவர் நின்று, இந்த வயதிலே பிச்சை எடுக்கிறாயே, வேலை தந்தால் செய்வாயா என்று விசாரித்தார். இவ்விடத்தில் கமில்லஸ் உடனே சம்மதித்தார் என்று எழுதினால் கதை அழகாயிருக்கும். நடந்தது அப்படியல்ல. தாம் ஒரு போர்வீரரின் மகன், கூலியாளாகக் கல் சுமப்பதா என்ற எண்ணம் குறுக்கே வந்தது. தோழனும் வேண்டாமென்று இழுத்தான். இருவருமாக அடுத்த ஊர்ப் பாதையிலே நடந்து விட்டார்கள். நெடுந்தூரம் போன பின்னரே கமில்லஸ் மனம் மாறித் தனியே திரும்பினார். அந்தப் பெரியவர் முதல் நாள் மறுக்கப்பட்ட வேலையை மறுநாளும் கொடுத்தாரே, அதை நாம் மறந்துவிடக் கூடாது. வேலை தேடி அலையும் பிள்ளை இருக்கிற வீட்டாருக்கு அதன் பெறுமதி தெரியும்.

வேலை இதுதான்: இரண்டு கழுதைகளை ஓட்டிச் சென்று மேசன்மாருக்குக் கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பது. கந்தலாய்ப் போன படை உடுப்போடு கழுதைகளுக்குப் பின்னால் நெட்டையான ஓர் ஆள் போவதைக் கண்டு தெருப்பிள்ளைகள் பகிடி பண்ணிக் கொண்டு பின்னால் ஓடினார்கள். கோபக்காரரான கமில்லஸ் உதட்டைக் கடித்துக் கொண்டு போனார். அவர் மனத்தில் அப்போது பக்தி ஒன்றுமில்லை. குளிர்காலம் போகும் வரைக்கும் உழைத்து, கொஞ்சப் பணம் சேர்ந்ததும் ஓர் ஆயுதம் வாங்கிக் கொண்டு மீண்டும் பாளையத்துக்குப் போவதே அவருடைய எண்ணம். ஆனாலும் இரண்டு மாதங்கள் அவர் அந்த வேலையை விடவில்லை. வாழ்நாளிலே ஒரு வேலையை அவர் ஒழுங்காகச் செய்தது இதுவே முதல் தடவை.

1575-ம் ஆண்டு மாசி 1-ம் திகதி மடத்துத் தேவைக்காக அவரைச் சான் ஜோவானி ரொத்தொந்தோ என்ற மலையூரிலிருந்த மற்றொரு கப்புச்சின் மடத்துக்கு அனுப்பினார்கள். இந்த ஊரின் பெயர் நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. ஐந்து காய வரம் பெற்ற பாத்ரே பியோ சுவாமியார் 1916-ம் ஆண்டிலிருந்து 1968-ல் மரிக்கும் வரை வாழ்ந்த மடம் அதுவே. துன்புறுவோருக்கென அவர் நிறுவிய பெரிய வைத்தியசாலையும் 1956-ல் அந்த மடத்தின் அருகேதான் திறக்கப்பட்டது. அவருக்கு முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் நோயாளரின் பாதுகாவலராகப் போகிறவர் அதே மடத்திலே கழுதையோடு வந்து ஓர் இரவு தங்கினார்.

அன்று மாலை மடத்துத் தோட்டத்திலே ஆஞ்சலோ என்ற துறவி அவரை அழைத்துக் கொஞ்ச நேரம் பேசினார். இறைவனே எல்லாம், மற்றவை ஒன்றுமில்லை, ஆன்மாவைக் காப்பாற்றிக் கொள் என்பதே அப்பேச்சின் சாரம். பிரசங்கிகள் பலர் இதையே எத்தனையோ தடவை சொல்லியிருப்பார்கள். மறுநாள் மாசி 2-ம் திகதி, தேவதாயார் சுத்திகரத் திருநாள். காலையிற் பூசை கண்டு, திராட்சை இரசம் நிறைந்த தோற்பைகளைக் கழுதை மேலேற்றி, தாமும் ஏறிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி வந்தார். பாதையின் நடுவே, முதல் நாள் கேட்ட சொற்கள் அவருடைய உள்ளத்தைத் தாக்கின. கழுதையிலிருந்து இறங்கிக் கற்களின் மேல் முழங்காலில் விழுந்தார். கழிந்துபோன வருடங்களை நினைத்து வாய்விட்டு அழுதார். இன்னும் கொஞ்சக் காலம் தந்தருளும்படி ஆண்டவரை மன்றாடினார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளைத் தமது மனந்திரும்புதலின் நாளாக அவர் அனுசரித்து வந்தார்.

கப்புச்சின் சபையார் அவரை ஏற்றுக் கொண்டார்கள். ஆனால் துறவற அங்கியின் கரடுமுரடான விளிம்பு கணுக்காலிலே உராய்ந்து உராய்ந்து பழைய புண்ணைத் திறந்து விட்டது. சபை ஒழுங்கின்படி வைத்திருக்க முடியாது என்று அனுப்பினார்கள். மீண்டும் வேலையில்லை, மீண்டும் நோய். போவதற்கு அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றே. நான்கு வருடங்களுக்கு முன் தம்மைத் துரத்திய புனித யாகப்பர் வைத்தியசாலையின் வாசலுக்கே 1575-ம் ஆண்டின் பிற்பகுதியில் வந்து நின்றார்.

அவர்கள் அவரை உள்ளே விட்டார்கள். பழைய பதிவு அங்கே இருந்திருக்கும். பழைய ஆட்களும் இருந்திருப்பார்கள். இம்முறை கமில்லஸ் வேலையைத் தேடித் தேடிச் செய்தார். நான்கு ஆண்டுகள் அங்கே பணி செய்த பின், புண் ஆறியது போலிருக்கவே, நேர்த்தியை நிறைவேற்ற மறுபடியும் கப்புச்சின் மடத்துக்குப் போனார். போகவேண்டாம், புண் திரும்பவும் வரும் என்று அவருடைய ஆன்ம குருவான புனித பிலிப்பு நேரி எச்சரித்திருந்தார். சொன்னபடியே நடந்தது. மறுபடியும் அதே வைத்தியசாலைக்கு வந்தார். அப்போது நிர்வாகிகள் செய்த காரியம் குறிப்பிடத்தக்கது. வைத்தியசாலையின் உள் நிர்வாகம் முழுவதற்கும் மேற்பார்வையாளராக அவரையே நியமித்தார்கள். கடதாசிக் கட்டுக்காக வெளியே தள்ளப்பட்டவரின் கையிலே களஞ்சியத் திறப்பும் பணப்பெட்டித் திறப்பும் வந்து சேர்ந்தன.

படையிலே கழித்த காலம் வீணான காலமென்று அவரே அழுதிருக்கிறார். இருந்தாலும் இந்த உத்தியோகத்திலே அவரிடம் பழைய போர்வீரரைக் காணலாம். இரவுக் காவல் எப்படி மாற வேண்டும், கையேற்பவர் முந்தினவரிடம் எதை விசாரிக்க வேண்டும், தூங்குகிற காவற்காரனை எப்படிக் கண்டுபிடிப்பது என்பனவெல்லாம் பாளையத்திற் பழகியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரம் சொல்லாமல் இரவிலும் பகலிலும் வாட்டுகளைச் சுற்றி வந்தார். எந்த நோயாளிக்கு எந்த உணவு, எந்த மருந்து என்று ஒழுங்கு வைத்தார். படுக்கை விரிப்பு மாற்றுவது, வாய் கொப்பளிக்கக் கொடுப்பது, ஊட்டி விடுவது, தூக்கும்போது குளிர் படாமற் போர்த்துவது என்று சின்னச் சின்ன விஷயங்களையெல்லாம் விதிகளாக எழுதினார். ஒரே பிள்ளை நோயில் விழுந்தால் தாய் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்க்க வேண்டும் என்பதே அவ்விதிகளுக்கு அளவுகோல். உயிர் முற்றாகப் போகுமுன்னரே சிலரைச் செத்தவர்களென்று தூக்கிக் கொண்டு போகிற அவலமும் அக்கால வைத்தியசாலைகளில் இருந்தது. மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னும் கால் மணி நேரமாவது அருகில் நின்று செபிக்க வேண்டும் என்று அவர் கட்டளையிட்டது இதைக் கண்டுதான்.

விதிகள் இருந்தும் ஆட்கள் சரியில்லை. வேறு பிழைப்பு அகப்படாதவர்களே அந்நாளில் வைத்தியசாலை வேலைக்கு வந்தார்கள். கூலியை வாங்கிக் கொண்டு நோயாளியைப் பட்டினி போட்டார்கள், அடித்தவர்களும் உண்டு. அவர்களைக் கண்டிக்கையில் கமில்லஸ் தம்முடைய 1571-ம் ஆண்டை நினைத்திருப்பார் என்று எண்ணுகிறேன். அவர்களை எப்படித் திருத்துவது என்று யோசித்து யோசித்து, 1582-ம் ஆண்டு ஆவணி மாதத்தில், தேவதாயின் பரலோக ஆரோபணத் திருநாளை ஒட்டிய ஓர் இரவில் ஒரு முடிவுக்கு வந்தார். கூலிக்காகவன்றிக் கடவுளுக்காக நோயாளருக்குப் பணி செய்யும் ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் முன்வந்தார்கள். ஓர் அறையைச் செபக்கூடமாக்கி அங்கே கூடினார்கள். இவன் வைத்தியசாலையையே பிடிக்கப் பார்க்கிறான் என்று கோள் மூட்டினார்கள் சிலர். நிர்வாகிகள் செபக்கூடத்தைக் கலைத்து விட்டனர். மனமுடைந்து போயிருந்த அவருக்கு, பாடுபட்ட சுரூபம் கரங்களை நீட்டி, இவ்வேலை உன்னுடையதன்று, என்னுடையது என்று தேற்றியதாகப் பாரம்பரியம் கூறுகிறது.

குருவானவராக இருந்தால் காரியம் சுலபமாகும் என்ற ஆலோசனை கிடைத்தது. முப்பத்திரண்டு வயதில் இயேசு சபையாரின் உரோமைக் கல்லூரிக்குப் போய், சின்னப் பையன்களோடு ஒரே வாங்கிலே இருந்து இலத்தீன் பாடம் படித்தார். முழங்கால் மேசையில் முட்டுகிற அந்த மாணவரைப் பார்த்து, பிந்தி வந்தவர் என்று பையன்கள் கேலி செய்தனர். மன்பிரெதோனியாத் தெருப்பிள்ளைகளிடம் பழகியவருக்கு இது பெரிதாகத் தோன்றியிராது. குருப்பட்டம் பெறுகிறவருக்கு நிலையான ஒரு வருமானம் இருக்க வேண்டுமென்பது சட்டம்; பெர்மோ கால்வி என்ற உரோமைக் கனவான் அதைக் கொடுத்துதவினார். 1584-ம் ஆண்டு வைகாசி மாதத்திலே, பிறநாட்டில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கில மேற்றிராணியார் தோமஸ் கோல்ட்வெல் ஆண்டகை அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்.

அதன்பின் கமில்லஸ் மேற்பார்வையாளர் உத்தியோகத்தை விட்டு, தம் தோழர்களோடு தனியே வாழத் தொடங்கினார். அதிகம் படிப்பில்லாத இவர் ஒரு கூட்டத்தை நடத்த மாட்டார் என்று எண்ணிய பிலிப்பு நேரி அதற்குச் சம்மதிக்கவில்லை. அத்துடன் அவர் இவருடைய ஆன்ம குருவாயிருப்பதும் முடிந்தது. புனிதர்களுக்கிடையிலும் இப்படியான பிணக்குகள் இருந்தன. தேபர் நதியோரத்து ஈரலிப்பான ஒரு சிறு வீட்டிலிருந்து நாள்தோறும் பரிசுத்த ஆவி வைத்தியசாலைக்குப் போய் அவர்கள் பணி செய்தார்கள். 1586-ம் ஆண்டு ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் இச்சபையை அங்கீகரித்தார். அதே ஆண்டு ஆனி மாதத்தில் மார்பிலே சிவப்புச் சிலுவை அணியவும் உத்தரவு கொடுத்தார். 1591-ல் பதினான்காம் கிரகோரியார் அதை முழுமையான துறவற சபையாக உயர்த்தினார். கொள்ளை நோயென்றாலும் உயிருக்கு அஞ்சாமல் நோயாளரைப் பராமரிப்பது அவர்களுடைய நான்காவது வார்த்தைப்பாடு. நேப்பிள்சில் கொள்ளை நோய் கண்டு துறைமுகத்துக்குள் அனுமதிக்கப்படாத கப்பல்களில் ஏறிப் பணி செய்தவர்களில் இருவர் அந்நோயினாலேயே மாண்டார்கள்.

இச்சிவப்புச் சிலுவையையும் இன்றைய செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னத்தையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. 1864-ம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட அந்தச் சின்னம் சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்தது. ஆயினும் போர்க்களத்திலே காயப்பட்டோரைப் பராமரிக்கும் பணியில் கமில்லஸின் பிள்ளைகள் அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்கள். துருக்கியரோடு ஹங்கேரி நாட்டில் போர் நடந்த 1595-ம் ஆண்டிலும், மறுபடி 1601-லும், சிவப்புச் சிலுவை அணிந்த சகோதரர்களைப் படையோடு அவர் அனுப்பி வைத்தார். காயப்பட்ட சிப்பாய் எப்படிக் கிடப்பான், எதைக் கேட்பான் என்பதை அவர் ஒருவரிடமும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

1598-ம் ஆண்டு நத்தார் காலத்தில் தேபர் நதி பெருக்கெடுத்துப் பரிசுத்த ஆவி வைத்தியசாலைக்குள் வெள்ளம் புகுந்தபோது, நோயாளரை ஒவ்வொருவராகத் தோளிலே தூக்கி மேல்மாடியிற் சேர்த்தவர்களுள் அவரே முன்னின்றார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது; காற்புண்ணோ அப்படியே இருந்தது. 1607-ல் சபைத் தலைமையை விட்டு விலகினார். நிற்க முடியாத நாட்களில் கட்டிலுக்குக் கட்டில் ஊர்ந்தும் பிடித்தும் சென்று, தண்ணீர் வேண்டுமா, தலையணையைத் திருப்பி வைக்கவா என்று கேட்பார்.

1614-ம் ஆண்டு ஆடி 14-ம் திகதி இரவு, உரோமாபுரியில் மதலேன் மரியாள் கோவிலை அடுத்திருந்த சபை வீட்டில் தமது அறுபத்துநான்காம் வயதில் காலமானார். கடைசி முறையாக நற்கருணையை அவருக்குக் கொண்டு வந்து கொடுத்தவர் சபையின் காவலரான கர்தினால் ஜின்னாசி. 1746-ம் ஆண்டு பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். 1886-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் நோயாளருக்கும் வைத்தியசாலைகளுக்கும் பாதுகாவலராக அவரோடு சேர்த்து அறிவித்த மற்றப் புனிதர் இறைவனின் அருளப்பர். கிறனாடா நகரத்து அந்த அருளப்பரும் ஒரு காலத்தில் ஸ்பானியப் படையிலே சேவை செய்து, அதை விட்டபின் மேய்ப்பனாகவும், கோட்டை கட்டும் கூலியாளாகவும், தெருத்தெருவாய்ப் புத்தகம் விற்பவராகவும் அலைந்தவர்.